வீட்டுக் கடன்: வங்கியா, ஹவுசிங் பைனான்ஸா, நிதியா?

வடசென்னையில் பழைய பிளாட்டோ தனி வீடோ வாங்கக் கிளம்பும் குடும்பம் கடனுக்காகப் போய் நிற்கும் இடங்கள் மூன்று. வங்கி, ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனி, அதுவும் கைகூடாவிட்டால் பேட்டைக்குப் பேட்டை இருக்கும் 'நிதி' நிறுவனம் (உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்கி அவர்களுக்கே கடன் தரும் கம்பெனி) அல்லது வட்டிக்குக் கொடுப்பவர். எங்கே போனாலும் நம் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி, "மாசம் எவ்ளோ கட்டணும்?" என்பதுதான். இப்போது கொடுக்கும் வாடகையோடு வைத்துப் பார்க்க அந்த எண் வசதியாக இருக்கிறது. கடன் கொடுப்பவரை எடைபோட அது உதவாது. காலத்தை நீட்டினால் எந்த வட்டிக்கும் தவணையைக் குறைத்துக் காட்டிவிடலாம்.

நான் பார்க்கச் சொல்வது வேறு. கையெழுத்துக்கு முன் உங்களிடம் என்ன காகிதம் தருகிறார்கள்? அதில் எழுதியதற்கு அவர்கள் எந்த அளவுக்குக் கட்டுப்பட்டவர்கள்? மீறினால் நீங்கள் யாரிடம் போய் நிற்கலாம்? இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்தால், தவணையில் சில நூறு ரூபாய் வித்தியாசமாகத் தெரிந்த இடங்களுக்கு நடுவே பெரிய பள்ளமே இருப்பது புரியும்.

முதலில் கேட்க வேண்டிய காகிதம்

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் ஒவ்வொரு புதிய சில்லறைக் கடனுக்கும் (வீட்டுக் கடன் போலத் தனிநபர் வாங்கும் கடன்), ஒப்பந்தத்துக்கு முன்பே 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற முக்கிய விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும். கே.எஃப்.எஸ். என்று கேட்டால் கிளையில் எல்லாருக்கும் புரியும். வங்கிக்கும் இந்த விதி உண்டு, ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனிக்கும் உண்டு. கடன் தொகை, வட்டி, தவணை, எல்லாக் கட்டணங்களும், மாதவாரியாக அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்ற அட்டவணையும் அதில் இருக்க வேண்டும்.

இந்த விதியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மொழி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அந்தத் தாள் இருக்க வேண்டும். அதை அவருக்கு விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று ஒப்புதலும் வாங்க வேண்டும். ஆகவே காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் அக்கா, "எனக்குத் தமிழ்ல குடுங்க" என்று கேட்டால், அது சலுகை கேட்பதாகாது. கூச்சப்படாமல் கேளுங்கள். ஆங்கிலத் தாளில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு "இங்க, இங்க, இங்க" என்று கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

தாளைக் கொடுத்த பிறகு, வீட்டுக் கடன் போன்ற நீண்ட காலக் கடனுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களுக்குள் நீங்கள் சம்மதித்தால், தாளில் உள்ள நிபந்தனைகளை அவர்கள் மாற்ற முடியாது. "இன்னிக்கே சைன் பண்ணலைன்னா ரேட் ஏறிடும்" என்று ஏஜெண்ட் அவசரப்படுத்தினால், அந்த மூன்று நாளை ஞாபகப்படுத்துங்கள். தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது என்பதும் அதே சுற்றறிக்கைதான்.

அந்தத் தாளில் வட்டி விகிதத்துக்குப் பக்கத்தில் ஏ.பி.ஆர். என்று இன்னொரு சதவீதம் இருக்கும். வட்டியோடு பிராசஸிங் பீஸ், லீகல் செலவு, அவர்கள் வழியாக எடுக்கும் இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாவற்றையும் சேர்த்தால் வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்று சொல்லும் எண் அது. அது எப்படி ஆட்டத்தையே மாற்றுகிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

இருவரும் 20 லட்சம், 20 வருஷம் தருகிறார்கள். முதலாமவர் 9.5 சதவீதம் என்கிறார், தவணை 18,643 ரூபாய். கூடவே பிராசஸிங் பீஸ் ஜி.எஸ்.டி.யோடு 23,600, லீகலும் மதிப்பீடும் 8,000, ஒரே தடவையாகக் கட்டும் இன்சூரன்ஸ் 65,000. இரண்டாமவர் 9.9 சதவீதம் என்கிறார், தவணை 19,168. மொத்தக் கட்டணமே 10,000தான், இன்சூரன்ஸ் எதுவும் தலையில் கட்டவில்லை. தவணையைப் பார்த்தால் முதலாமவர் மலிவு. ஏ.பி.ஆர். போட்டால் முதலாமவருடையது சுமார் 10.2, இரண்டாமவருடையது 10க்குச் சற்றுக் கீழே. இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்கு 20 வருஷமும் கட்டுவீர்கள் என்று வைத்துப் போட்டது. நம் ஆட்கள் நகையை விற்றோ சீட்டை எடுத்தோ ஏழெட்டு வருஷத்தில் கடனை முடிக்கத் துடிப்பவர்கள். அப்படிச் சீக்கிரம் முடித்தால், முதலிலேயே பிடித்துக்கொண்ட பணத்தின் பாரம் இன்னும் கூடும்.

இன்சூரன்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பாதிப்பவர் போய்விட்டால் வீடும் போகக் கூடாது, அதற்குக் காப்பு அவசியம். ஆனால் குறிப்பிட்ட கம்பெனியின் பாலிசியை எடுத்தால்தான் கடன் என்று வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது. வெளியே வருஷா வருஷம் கட்டும் டெர்ம் பாலிசியின் விலையையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது

இதுவரை வங்கியும் ஹவுசிங் பைனான்ஸும் ஒரே விதிக்குள்தான். இவர்கள் பிரியும் இடம் வட்டி ஏறி இறங்கும் முறை. என் கணிப்பில் இந்த இரண்டில் எது என்பதை முடிவு செய்ய வேண்டிய இடமும் இதுதான்.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் (வட்டி ஏறி இறங்கும்) வீட்டுக் கடன்கள் வெளியே எல்லாருக்கும் தெரியும் ஓர் அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் அது ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வட்டியைத் திருத்த வேண்டும். ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் மார்ஜினில், உங்கள் கடன் தகுதிக்கான பகுதியை நினைத்தபோது ஏற்ற முடியாது. உங்கள் தகுதி பெரிய அளவில் மாறினால்தான் அதைத் தொடலாம். ரெப்போ 2025 பிப்ரவரியில் 6.50லிருந்து 6.25 ஆனது, பிறகு படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25க்கு வந்தது. பேப்பரில் அதைப் படித்த ஒருவர் தன் வங்கிக் கடனில் அது வந்துவிட்டதா என்று தானே சரிபார்க்கலாம். யாரையும் நம்ப வேண்டியதில்லை.

ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுடைய அளவுகோல் பொதுவாக அவர்களே நிர்ணயிக்கும் பி.எல்.ஆர். என்ற அடிப்படை வட்டி. அவர்களுக்குப் பணம் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அதை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். ரெப்போ இறங்கிய செய்தி வந்த அன்று உங்கள் வட்டியும் இறங்கும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. புதிதாக வருபவருக்கு ஒரு ரேட், பழையவருக்கு ஒரு ரேட் என்று நிற்கும்போது, பழையவர் கன்வெர்ஷன் பீஸ் என்ற ரேட் மாற்றும் கட்டணத்தைக் கட்டித்தான் கீழே இறங்க முடியும். ஆகவே ஹவுசிங் பைனான்ஸில் கடன் வாங்குகிறவர் சாங்ஷன் லெட்டர் என்ற கடன் அனுமதிக் கடிதத்திலேயே பார்க்க வேண்டியவை: இன்றைய பி.எல்.ஆர். எவ்வளவு, அதிலிருந்து எனக்கு எவ்வளவு கழித்திருக்கிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை திருத்துவார்கள், கன்வெர்ஷன் பீஸ் எவ்வளவு. இந்த நான்கும் எழுத்தில் இல்லையென்றால், வட்டி என்ன என்றே அவர்கள் உங்களுக்குச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டி ஏறும்போது நடப்பது இதைவிட ஆபத்தானது. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4.00லிருந்து 6.50க்கு ஏறியது. பலருக்குத் தவணை மாறவில்லை, அதனால் ஏறியதே தெரியவில்லை. காலம்தான் ஓசையில்லாமல் நீண்டது. 7 சதவீதத்தில் 20 லட்சம், 20 வருஷம் என்றால் தவணை 15,506. அதே வட்டி 9.5 ஆனால் அந்த 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 15,833. தவணை கட்டக் கட்டக் கடன் வளரும்! இதன் பிறகுதான் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி புதிய விதி போட்டது. வட்டி ஏறினால் தவணை அல்லது காலம் எப்படி மாறும் என்பதைக் கடன் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று வாங்கியவரைக் கேட்க வேண்டும். எவ்வளவு நீட்டினாலும் மாத வட்டியைக்கூட அடைக்காத தவணை என்ற நிலை வரக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு அறிக்கை தர வேண்டும்: இதுவரை அசலில் எவ்வளவு போனது, வட்டியில் எவ்வளவு போனது, இன்னும் எத்தனை தவணை பாக்கி. இது வங்கிக்கும் ஹவுசிங் பைனான்ஸுக்கும் பொது.

அந்த அறிக்கை பெரும்பாலும் ஈமெயிலுக்கோ ஆப்புக்கோ போய்விடுகிறது, திறந்து பார்ப்பதில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொல்லி, பாக்கித் தவணை எத்தனை என்ற ஓர் எண்ணை மட்டுமாவது குறித்து வைக்கச் சொல்லுங்கள். போன தடவையைவிட அது கூடியிருந்தால் மறுநாளே கிளைக்குப் போங்கள்.

வங்கி ஏன் மறுத்தது?

காகிதக் கணக்கில் வங்கிதான் மேல் என்றால் எல்லாரும் வங்கிக்கே போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். வடசென்னையில் அது அவ்வளவு எளிதில்லை. எம்.சி. ரோடு துணிக்கடையில் கையில் சம்பளம் வாங்குபவர், வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர் என்று பலருக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, மூன்று வருஷ வருமான வரி ரிட்டர்னும் இல்லை. ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனி கடைக்கே ஆள் அனுப்பி, தினசரி வரவைப் பார்த்து, வருமானத்தைக் கணிக்கிறது. அந்த வேலைக்கும் அந்த ரிஸ்க்குக்கும் சேர்த்துத்தான் கூடுதல் வட்டி. அதைக் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கதவும் இல்லையென்றால் இவர்களில் பலர் வீடே வாங்கியிருக்க முடியாது.

ஆனால் ஹவுசிங் பைனான்ஸுக்குப் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வங்கி எதனால் மறுத்தது. முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. கேட்டு வாங்குங்கள். காரணம் உங்கள் வருமானமா, வீட்டின் பத்திரமா என்பதில்தான் அடுத்த முடிவு இருக்கிறது.

வருமானம்தான் காரணம் என்றால் ஹவுசிங் பைனான்ஸ் நல்ல வழி. தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கியும் அபராதம் வாங்கக் கூடாது, ஹவுசிங் பைனான்ஸும் வாங்கக் கூடாது. ஆகவே ஓரிரு வருஷம் தவறாமல் கட்டி, ரிட்டர்னும் தாக்கல் செய்து, பிறகு பாக்கிக் கடனைப் பேலன்ஸ் டிரான்ஸ்பரில் வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். 20 லட்சம், 20 வருஷத்தில் 11 சதவீதத்துக்கும் 8.5 சதவீதத்துக்கும் தவணை வித்தியாசம் மாதம் 3,288 ரூபாய். மாறும்போது புதிய பிராசஸிங் பீஸ், லீகல், எம்.ஓ.டி. (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவுச் செலவு எல்லாம் திரும்ப வரும், அதையும் கணக்கில் வையுங்கள். கடன் ஃப்ளோட்டிங்தானா என்று கே.எஃப்.எஸ். தாளில் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் சில வருஷம் ஃபிக்ஸட் (மாறாத வட்டி) என்று இருந்தால் அந்தக் காலத்துக்கான முன்கட்டண விதியைத் தனியாகக் கேளுங்கள்.

பத்திரம்தான் காரணம் என்றால் கதை வேறு. பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து, வாரிய ஒதுக்கீட்டு வீட்டுக்கு இன்னும் கிரயப் பத்திரம் வராதது, கோயில் நிலத்தில் கட்டியது, அனுமதி வாங்கிய வரைபடத்துக்கு மேல் ஒரு மாடி கூடுதலாக எழுப்பியது. இவை நம் பக்கம் புதிதல்ல. இதில் எதையாவது காட்டி வங்கி மறுத்து, அதே வீட்டுக்கு இன்னொருவர் கூடுதல் வட்டியில் கடன் தருகிறார் என்றால், வீட்டின் குறை எங்கும் போய்விடவில்லை. நாளைக்கு வங்கிக்கும் மாற்ற முடியாது, விற்கவும் திண்டாட்டம். அங்கே கடனைவிட வீட்டைப் பற்றித்தான் மறுபடி யோசிக்க வேண்டும்.

வங்கி, ஹவுசிங் பைனான்ஸ் இரண்டுக்கும் பொதுவான இன்னொரு விஷயம் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0இன் வட்டி மானியம். வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம் வரை. தகுதி இருந்தால் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேளுங்கள்.

நிதியும் வட்டிக்காரரும்

நிதி நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் மேற்சொன்ன விதிகளுக்குள் வருவதில்லை. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் நிதி விதிகள் 2014தான் அவர்களுக்கு. உறுப்பினருக்கு மட்டுமே கடன். தங்கள் டெபாசிட்டுக்குத் தரும் அதிகபட்ச வட்டிக்கு மேல் ஏழரை சதவீதம் வரைதான் வாங்கலாம், அதுவும் குறையும் நிலுவையின் மேல் கணக்கிட வேண்டும். சொத்தின் மேல் கடன் என்றால் மதிப்பில் பாதிக்கு மேல் தரக் கூடாது, ஏழு வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளே சொல்கின்றன, இது வீடு வாங்குவதற்கான இடம் இல்லை. ஏற்கெனவே சொந்த வீடு உள்ளவர் மேல்தளம் போடவோ, கல்யாணச் செலவுக்கோ குறுகிய காலத்துக்கு வாங்கலாம். வாங்கும்போது "வட்டி ஃப்ளாட்டா, குறையுற பாக்கிக்கா?" என்று கேளுங்கள். ஃப்ளாட் என்றால் அசல் குறைந்தாலும் கடைசிவரை முழு அசலுக்கே வட்டி. 5 லட்சத்துக்கு 12 சதவீதம் ஃப்ளாட், ஐந்து வருஷம் என்றால் மாதம் 13,333. குறையும் நிலுவைக் கணக்கில் அது 20 சதவீதத்துக்கும் மேல்.

தனியாரிடம் ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். அதைவிடப் பெரிய ஆபத்து, அடமானத்துக்குப் பதில் கிரயப் பத்திரமோ பவரோ எழுதி வாங்கிக்கொள்வது. அங்கே வெளிப்படுத்த வேண்டிய தாள் என்று ஒன்றுமே இல்லை. வீட்டை அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள், எந்த அவசரத்திலும்.

கடன் வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை

மறு விற்பனை வீடு வாங்குகிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் டி.டி. தேதி. பதிவு நாளுக்கு முன்பே டி.டி. எடுத்து வைப்பார்கள், ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு தள்ளிப்போகும், ஆனால் வட்டி ஓட ஆரம்பித்துவிடும். பணம் உண்மையில் கையை விட்டுப் போகும் முன் வட்டி போடுவது தவறு என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 அன்று கண்டித்து, அப்படி வாங்கிய வட்டியைத் திருப்பித் தரச் சொன்னது. முதல் மாத அறிக்கையில் வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள்.

சில கடன்களை வங்கியும் ஹவுசிங் பைனான்ஸும் சேர்ந்து தருகின்றன. அப்போது வட்டி இருவருடையதையும் கலந்த ஒரே விகிதமாக இருக்கும், யார் எந்தப் பொறுப்பு, வாடிக்கையாளர் யாரிடம் பேச வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கம்பெனி உங்கள் கடனை இன்னொருவருக்கு விற்றாலும் தவணை வசூலிப்பது பெரும்பாலும் பழைய கம்பெனிதான். ஆனாலும் கடிதம் வந்தால் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

தவணை தவறினால் வாங்குவது அபராதக் கட்டணமாக இருக்க வேண்டும், வட்டியோடு சேர்த்து அதன் மேல் மறுபடி வட்டி போடக் கூடாது. 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களுக்கு இது நடைமுறை.

புகார் என்று வந்தால், முதலில் கொடுத்தவரிடமே எழுத்தில் கொடுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவு கிடையாது. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். ஹவுசிங் பைனான்ஸ் மேல் புகார் என்றால் தேசிய வீட்டு வசதி வங்கியின் புகார் தளத்துக்குப் போக வேண்டும். இரண்டு கதவும் வேறு வேறு என்று தெரியாமல் அலைந்து மாதங்களை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசித் தவணை கட்டிய பிறகு, 30 நாளுக்குள் எல்லா மூலப் பத்திரங்களையும் திருப்பித் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பத்திரம் தொலைந்தால் நகல் வாங்கும் செலவும் அவர்களுடையது. எங்கே, எத்தனை நாளில் தருவார்கள் என்பது சாங்ஷன் லெட்டரிலேயே இருக்க வேண்டும். கடன் வாங்கும் நாளில் ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியலை முத்திரையோடு வாங்கி வைத்தவருக்குத்தான் திரும்ப வாங்கும்போது வாதாட இடம் இருக்கும். பத்திரம் கைக்கு வந்ததோடு நிறுத்தாமல், எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அந்த ரசீது அதில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.